முதலில் தண்ணீர்

ஜொகூர் பாருவில் எங்கள் மேனேஜர் லக்ஷ்மன் பலகையில் நான்கு கட்டம் போட்டு, அவசரம் எது, முக்கியம் எது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர் சிகாமட்டில் ஆற்றில் தண்ணீர் ஏறுவதாக அம்மா போன் செய்தார்.

எங்கள் வீட்டில் யாரும் கட்டம் போட்டதில்லை. வெள்ளம் வந்தால் குழாய் நின்றுவிடும். அதனால் அம்மா முதலில் குடங்களில் தண்ணீர் பிடிப்பார். நான் பள்ளிப் புத்தகங்களை அலமாரிமேல் ஏற்றுவேன். அப்பாவும் அம்மாவும் தையல் மெஷினை மேஜைமேல் தூக்கி வைப்பார்கள். அதில் தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். பிறகு மூவரும் கட்டிலில் உட்கார்ந்து, பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடி வெள்ளத்துக்குக் காத்திருப்போம்.

இப்போது அப்பா இல்லை.

"தண்ணி புடிச்சிட்டேன்மா. மெஷின்தான் அசைய மாட்டேங்குது. பரவால்ல, நீ வேலைய பாரு," என்றார் அம்மா.

பையை எடுத்தேன்.

"ஜெரால்டின், ரிப்போர்ட் இன்னைக்கே வேணும் லா! அது எந்தக் கட்டம்?"

"அது தண்ணியில முழுகாது சார்."

வீடு சேர்ந்தபோது வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். மெஷினை அம்மா ஒரு பக்கம் பிடித்தார். அப்பா பிடிக்கும் பக்கத்தை நான் பிடித்தேன்.