இலுப்பைக்குளத்துப் பரிவட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் அன்று நடந்த கூத்தைப் பார்த்த எவரும், அந்த இரண்டு ஆம்பளைகளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். மாரீஸ்வரியின் புருஷன் சமுத்திரமும், அவளுடைய தம்பி ஜெயபாண்டியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்ததும் ஒருவர் வாயில் ஒருவர் பால்கோவாவைத் திணித்தார்கள். சமுத்திரத்தின் மீசையில் ஒட்டியதைத் தம்பிக்காரன் தன் துண்டாலேயே துடைத்துவிட்டான்.

ஜெயித்தது சாதாரண ஆளை இல்லை. ராஜபாளையத்துச் செங்கல் சூளை முதலாளி லிங்கேஸ்வரன், தேவதானத்துக்குத் தெற்கே இருக்கும் இலுப்பைக்குளம் கண்மாயில் வண்டல் எடுக்கிறேன் என்று வந்து, கரையையே லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனவர். கண்மாய்க்கு மேற்கே சமுத்திரத்தின் ஊர், கிழக்கே ஜெயபாண்டியின் ஊர். இரண்டு ஊரும் அதுவரை எதிலும் ஒத்துப்போனதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. சூளைக்காரர் புண்ணியத்தில் ஒத்துப்போனார்கள். சேர்ந்து லாரியை மறித்தார்கள், சேர்ந்து அடிவாங்கினார்கள், சேர்ந்தே கேஸ் நடத்தினார்கள். இடைக்காலத் தடை கிடைத்ததும் கரையை அடைத்தார்கள். ஐப்பசி மழையில் கண்மாய் ததும்பியது. தை பிறந்ததும் தீர்ப்பும் வந்துவிட்டது.

வக்கீல் நம்பிக்கு உலகச் சரித்திரம் பேசாவிட்டால் வாதாடிய திருப்தியே வராது.

“ஹிட்லரைத் தோற்கடிச்சப்போ அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் இப்படித்தான் ஆத்தங்கரையில கை கொடுத்துக்கிட்டாங்க,” என்றார்.

“பொறவு அவிய ரெண்டு பேரும் அடிச்சுக்கிடலையா வக்கீலய்யா?” என்று கேட்டாள் மாரீஸ்வரி.

“நல்ல கேள்விம்மா. அடிச்சுக்கிட்டிருக்கலாம். ரஷ்யா மேல பாயறதுக்கு இங்கிலாந்துக்காரன் திட்டமே போட்டு வச்சிருந்தான். ஆனா நேருக்கு நேரா மோதலை. எல்லாருக்கும் களைப்பு. அப்புறம் அணுகுண்டு பயம்.”

“இவியளுக்குக் களைப்பும் வராது, பயமும் கிடையாது,” என்றாள் அவள். நம்பி சிரித்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவளுக்கு இருந்த கவலை எல்லாம் மடையை ஒட்டிய இரண்டு ஏக்கர் நெல். பிறந்த வீட்டில் மஞ்சக்காணியாகக் கொடுத்த நிலம். கிணறு கிடையாது. மழையை நம்பி நட்டது. மழை கார்த்திகையோடு போய்விட்டது. பயிர் இப்போது பொதி கட்டி நின்றது. கதிர் வெளியே வருமுன் ஒரு தண்ணீர் பாய்ந்தால் வருஷம் முழுக்கச் சோறு. பாயாவிட்டால் அம்புட்டும் பதர்.

கண்மாயில் தண்ணீர் இருக்கிறதே, திறந்துவிட வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். மடைக்கருப்பசாமிக்குக் கிடா வெட்டி, பூசாரி பரிவட்டம் கட்டிவிட, அந்தத் துணியைத் தலையில் வாங்கியவர்தான் மடையின் ஷட்டர் சக்கரத்தில் முதலில் கை வைக்க வேண்டும். மற்றவர் தொட்டால் தெய்வக் குத்தம். கண்மாய் நிரம்பாத காலத்தில் இதற்கு வேலையே இல்லாமல் இருந்தது. இப்போது நிரம்பிவிட்டதே!

பூசை அன்று பால்சாமிப் பூசாரி பட்டுத் துணியை எடுத்தார். இரண்டு தலைகள் ஒரே சமயத்தில் குனிந்தன.

“மாப்ள, செத்த தள்ளு,” என்றார் சமுத்திரம்.

“நீரு தள்ளும் மச்சான். லாரி டயருக்கு முன்னால படுத்தவன் நான்.”

“படுத்துத் தூங்குனே. ஜெயில்ல களி தின்னவன் நான்லா?”

“களியை விரும்பிக் கேட்டு வாங்கித் தின்னீராமே. ஊரே சொல்லுது.”

பால்கோவா தின்ற வாய்கள் இவைதான். செத்த நேரத்தில் இரண்டு ஊரும் கம்பு எடுத்தன. லாரிக்காரனை அடிக்கச் சேர்ந்து வெட்டிக்கொண்டு வந்த அதே கம்புகள். போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தது. கிடா மட்டும் தப்பித்தது.

மாரீஸ்வரி புருஷன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். “வயல் வெடிச்சுக் கெடக்குங்க. என் தம்பிதான, விட்டுக் குடுங்க.”

“ஏட்டி, பயிரு அடுத்த வருஷம் வெளையும். மரியாதை போனா வருமா?”

தம்பியிடம் போனாள். “நம்ம அப்பா குடுத்த நெலம்ல. கருகுதே, ஒனக்கு வலிக்கலையா?”

“வலிக்கு அக்கா. அதை ஒம் புருசங்கிட்ட சொல்லு.”

இரண்டு துணி எடுத்து இரண்டு தலையிலும் ஒரே நேரத்தில் கட்டலாமே என்று அவள்தான் வழி சொன்னாள். வலப்பக்கம் யார் நிற்பது என்று ஒரு வாரம் பேசினார்கள். அவள் வயலில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. கரையில் ஏறி நின்றால் கண்மாய்த் தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது.

ஒரு நாள் காலையில் மாரீஸ்வரிக்குப் பொறுமை போய்விட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ச் சக்கரத்தைப் பிடித்துவிட்டாள். மேல ஊரிலிருந்து சமுத்திரம் ஓடிவந்தார், கீழ ஊரிலிருந்து ஜெயபாண்டி ஓடிவந்தான். வலக்கையைப் புருஷனும் இடக்கையைத் தம்பியும் பிடித்து இழுத்தார்கள்.

“பொம்பளை தொடுததா? அவளைக் கண்டிச்சு வையும் மச்சான்!”

“கையை நல்லாப் பிடி மாப்ள!”

தீர்ப்பு வந்த நாளுக்குப் பிறகு அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கடைசியில் இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களும் கூடிப் பேசினார்கள். பொதுவான ஆள் ஒருவர் தலையில் பரிவட்டம் கட்டிவிடலாம். யார் அந்தப் பொதுவான ஆள்? வக்கீல் நம்பி சமுத்திரத்தோடு காபி குடித்தவர், ஆகவே கிடையாது. பூசாரி கீழ ஊரில் பெண் எடுத்தவர், அவரும் கிடையாது. ஒவ்வொரு பேராகக் கழித்துக்கொண்டே வந்து, அந்த மூளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பேரைக் கண்டுபிடித்தன. இரண்டு ஊரையும் ஒரே மாதிரி ஏமாற்றியவர், இரண்டு ஊர்க்காரனையும் வஞ்சகம் இல்லாமல் அடித்தவர். எந்தப் பக்கமும் சாயாத மனிதர்!

லிங்கேஸ்வரன் வெள்ளை வேட்டியில் காரிலிருந்து இறங்கினார். கதவைத் திறந்துவிட்டது சமுத்திரம். குடை பிடித்தது ஜெயபாண்டி. பூசாரி பரிவட்டம் கட்டினார். சூளைக்காரர் சக்கரத்தைச் சுற்றினார். தண்ணீர் குதித்து ஓடியது. கிடாத் தலையும் அவர் காருக்குத்தான் போனது.

“கரை ரொம்ப பலவீனமா இருக்கு. நானே சரி பண்ணித் தாரேன். நாளைக்கே லாரி வரும்,” என்றார் அவர். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கை தட்டினார்கள்.

மாரீஸ்வரி வயலில் நின்றாள். கதிர்கள் வெளியே வந்திருந்தன, எல்லாம் வெள்ளை வெளேர் என்று. ஒன்றை உருவி நசுக்கினாள். உமிதான் உதிர்ந்தது. விழாவுக்கு அழைப்பு இல்லாமலேயே வந்திருந்த வக்கீல் நம்பி வரப்பில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எந்தச் சரித்திரத்துலயும் இப்படி நடந்ததில்லையேம்மா!”

“அந்த ஹிட்லரு பொறவு என்ன ஆனான் வக்கீலய்யா?”

“அவன் அப்பவே தன்னைத்தானே சுட்டுக்கிட்டுச் செத்துட்டானே.”

“அதான் அவிய மானம் தப்பிச்சுது. இருந்திருந்தாம்னா அவனையே கூப்பிட்டுப் பரிவட்டம் கட்டியிருப்பாவ.”

மடைத் தண்ணீர் வந்து மாரீஸ்வரியின் காலை நனைத்தது. அவள் குனிந்து, மாட்டுக்காவது ஆகட்டும் என்று பயிரை அறுக்கத் தொடங்கினாள்.