கொம்பு யாருக்குச் சொந்தம்

‘தலை’யைத் ‘தைல’ என்று வாசிக்கும் சிறுமியை மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறக்குவதெனத் தலைமையாசிரியை முடிவு கட்டிவிட்டார். சம்மதக் கடிதம் சிறுமியின் தாயான தையற்காரியின் முன்னே கிடந்தது. அவள் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி.

“போடுங்கம்மா. எல்லாப் பிள்ளைக்கும் வர்ற எழுத்து இவளுக்கு மட்டும் வராதா? சோம்பேறித்தனம்! இவளுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?”

“அந்தக் கொம்புலதான் மேடம் சிக்கலே.”

துணி வெட்ட அளவு வரையும் பழுப்புத்தாள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அவள் விரித்தாள். வீட்டில் மகள் பிழையாக வாசித்தவை ஒரு மாதமாய் அதில் ஏறியிருந்தன. அருகில் நின்ற வகுப்பாசிரியையும் தம் குறிப்பேட்டைத் திறந்து வைத்தார். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்ப்பதில்லை என்பது இருவரும் செய்துகொண்ட உடன்பாடு. இப்போதுதான் இரண்டும் அருகருகே கிடந்தன.

அங்கே கடை ‘கைட’, இங்கேயும் ‘கைட’. அங்கே வலை ‘வைல’, இங்கேயும் அதுவே.

தையற்காரி இரண்டையும் தொட்டுக் காட்டினாள். “பின்னாடி எழுத்தோட ‘ஐ’ கொம்பை முன்னாடி எழுத்துக்குக் குடுத்துடறா. வீட்டுலயும் பள்ளியிலயும் ஒரே தப்பு. சோம்பேறிக்கு இவ்வளவு ஒழுங்கு வருமா மேடம்?”

தலைமையாசிரியை வகுப்பாசிரியையை முறைத்தார். “நீங்களும் இவங்க கட்சியா?”

“பிள்ளை கட்சி, மேடம்.”

“நாப்பது பேர்ல ஒருத்திக்காக வகுப்பையே மாத்த முடியுமா?”

“சட்டை பொருந்தலைன்னா நான் உடம்பை வெட்டறதில்லை மேடம், தையலைத்தான் பிரிக்கறேன்.”

அவள் கடிதத்தைக் கவிழ்த்து, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள்: ‘வீட்டில்: தினமும் கால் மணி நேரம், துணியில் வெட்டிய கொம்பை உரிய எழுத்தோடு சேர்த்துத் தைத்து வாசிப்பு.’ வகுப்பாசிரியை பேனாவை வாங்கி அடுத்த வரி எழுதினார்: ‘வகுப்பில்: தேர்வுக் கேள்விகளை நானே வாசித்துக் காட்டுவேன்.’

தையற்காரி தாளைத் தலைமையாசிரியையிடம் நகர்த்தினாள். “மூணாவது வரி உங்களுது, மேடம்.”

“எழுதலைன்னா?”

“எழுதற வரைக்கும் உக்காந்திருப்பேன். கடையை அடைச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

வகுப்பாசிரியை இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு அமர்ந்தார். தலைமையாசிரியை இரு முகங்களையும் இரு பட்டியல்களையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில், ‘ஆண்டு முடியும்வரை மூன்றாம் வகுப்பிலேயே’ என்று பேனா முனை ஒடியும்படி அழுத்தி எழுதித் தாளைத் தள்ளினார்.

தையற்காரி எழவில்லை. ஒவ்வோர் எழுத்தாய் அதை வாசித்து முடித்தாள்.

“தேதியும் போட்டுடுங்க, மேடம்.”