காந்தம் ஒட்டிய கொடி

தாலிக்கொடி காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கியதும் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பூங்குழலிக்குத் தாலி பிரித்துக் கோர்க்கும் நாள். கல்யாணமாகி மூன்றாம் மாதம். மஞ்சள் கயிற்றில் இருக்கும் தாலியைத் தங்கக் கொடிக்கு மாற்ற வேண்டும். கொடி பெண்வீட்டுச் சீர். அவளுடைய அம்மா செல்லம்மாள் அவலூர்பேட்டையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொடியோடு செஞ்சிக்கு வந்திருந்தாள். தட்டில் இருந்ததை நாத்தனார் மோனிகா எடுத்தாள். தங்கத்தைச் சோதிப்பது பற்றிப் போனில் ஏதோ வீடியோ பார்த்திருந்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை விளையாட்டாகத்தான் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“இன்னா அத்தே, கவரிங்கா?” என்றாள் செல்லம்மாளிடம். “தங்கம்னா காந்தத்துல ஒட்டாதே!”

“கண்ணு முன்னாடி எடை போட்டுத்தாம்மா வாங்கினேன்...” செல்லம்மாள் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தாள். வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பழியோடு திரும்பினால் அம்மா இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். பூங்குழலிக்கு அது நன்றாகத் தெரியும்.

அவள் கொடியை வாங்கி, காந்தத்தை அதன் நீளத்துக்கும் மெல்ல நகர்த்தினாள். கண்ணிகள் எதுவும் அசையவில்லை. கொக்கிக்கு வந்ததும் டக்கென்று இழுத்தது.

“கொக்கிக்குள்ள ஸ்பிரிங் இருக்குது. அது எஃகு. எங்க, ஒன் செயினைக் கொடு.”

மோனிகாவின் செயினும் கொக்கி இருக்கும் இடத்தில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டது.

“ஐய, அப்ப இவளுதும் கவரிங்குதான்டி!” என்றது ஒரு குரல். கூடமே சிரித்தது.

மோனிகா விடுவாளா? பக்கத்தில் நின்றிருந்த தன் அம்மா ஆண்டாளின் கழுத்துச் சங்கிலியில் காந்தத்தை வைத்தாள். எந்த இடத்திலும் ஒட்டவில்லை.

“பாத்துக்கோங்க, எங்கம்மாதுதான் அசல்! இருங்க, எல்லாத்தையும் பஜாருக்கு எடுத்துனு போவோம். விநாயகம் கடையில உரைகல்லுல தேச்சி, ஒரு சொட்டு ஆசிட் வுட்டா தெரிஞ்சிடும். எமகண்டம் ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடலாம். கழட்டும்மா.”

“எதுக்குடி? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.” ஆண்டாள் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். மூடுவதற்குள் பூங்குழலி பார்த்துவிட்டாள். சங்கிலியின் கீழே, வியர்வையில், பச்சையாக ஒரு கோடு. காலேஜ் படிக்கும்போது கவரிங் போட்டு அதே பச்சையை அவளும் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். பித்தளையிலும் செம்பிலும் காந்தம் ஒட்டாது. அசல் எங்கே போனது, எதற்காகப் போனது, யாருக்குத் தெரியும்? மகளுக்கே தெரியாது போலிருக்கிறது.

பூங்குழலி அதை ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுடைய அம்மாவின் அவமானத்தை எல்லோரும் அந்த நிமிஷமே மறந்துவிடுவார்கள். செல்லம்மாள் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை எதுக்கு வெயில்ல அலையணும்?” என்றாள் பூங்குழலி. “சந்தேகம் எங்கம்மா கொண்டாந்த கொடியிலதானே? அதை மட்டும் எடுத்துனு போங்க. மத்ததைத் தேச்சி எதுக்கு வீணாக்கறது?”

மோனிகாவும் செல்லம்மாளும் ஆட்டோவில் போனார்கள். மற்றப் பெண்கள் வாசல் பக்கம் நகர்ந்ததும் ஆண்டாள் பூங்குழலியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பாத்துட்ட இல்ல?”

“இன்னா அத்தே?”

ஆண்டாள் முந்தானையை இன்னொரு முறை கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஒண்ணும் இல்ல. அடுப்புல பாலு வெச்சிருக்குது, பாத்துக்கோ.”

போனவர்கள் திரும்பி வந்தார்கள். “ஆசிட் வுட்டும் கல்லுல கோடு அழியல. இருபத்திரண்டு கேரட்டாம்” என்றாள் மோனிகா. கொடியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

ஆண்டாளே தாலியைக் கொடியில் கோர்த்து மருமகள் கழுத்தில் போட்டுவிட்டாள். குங்குமம் வைத்தாள். பிறகு வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“சம்பந்தி, நீங்க கொண்டாந்ததைச் சோதிச்சது எங்க வூட்டுத் தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க. வாங்க, மொத எலையில நீங்க ஒக்காருங்க. மோனிகா, நீ பரிமாறு.”