ஹாவிஸுக்குப் பதினாறு ஆகிவிட்டதா?

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு பிரபு குடும்பத்தின் வரலாற்றை. ஹால்வர்த் என்று பெயர் வைத்தேன் (நானே வைத்தது, எங்கும் தேடிப் போகாதீர்கள்). முதல் வாக்கியம் இப்படி இருந்தது: 'நார்மன் குதிரைகளோடு வந்த முதல் ஹால்வர்த், ஆற்றின் இரு கரையிலும் நிலம் வாங்கி...' வாங்கி என்ன செய்தான்? ஒரு மகனைப் பெற்றான். அந்த மகனுக்கும் ஒரு மகன். மூன்றாம் பக்கத்தில் எனக்கே கொட்டாவி வந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

ஆனால் இங்கிலாந்துப் பழைய குடும்பங்களின் கதையில் ஒரு விசித்திரமான நாள் வரும். அதை மட்டும் விட மனமில்லை. அப்பன் செத்து வாரிசு சிறுபிள்ளையாக இருந்தால், பிள்ளையும் நிலமும் ஒரு காப்பாளன் கைக்குப் போய்விடும். விளைச்சல் அவனுக்கு. பிள்ளையை யாருக்குக் கட்டிவைப்பது என்பதும் அவன் இஷ்டம். உரிய வயது ஆகிவிட்டது என்று நிரூபித்தால்தான் விடுதலை. பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்று இல்லாத காலம். ஆகவே ஊரில் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து வயதைச் சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் போதாது. உனக்கெப்படி அந்த நாள் நினைவிருக்கிறது என்று கேட்பார்கள்.

எனக்குக் குறுகுறுத்தது அங்கேதான். ஒருவன் சொல்வான்: 'அன்று குதிரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன், அதனால் நினைவிருக்கிறது.' வேறு ஊரில், வேறு வாரிசுக்காக, வேறொருவனும் அதையே சொல்வான். பிரபு வீட்டில் தொட்டில் ஆடும்போதெல்லாம் இங்கிலாந்தில் யாருக்காவது கால் உடைந்திருக்கிறது.*

* வீடு எரிந்தது, மனைவிக்குப் பிரசவம், கிணறு வெட்டினேன் என்பவையும் உண்டு. ஆனாலும் காலுக்குத்தான் மவுசு.

2.

ஹாவிஸ் ஹால்வர்த்துக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பதினாறு முடிந்தால் நிலம் அவளுடையது. காப்பாளன் சர் ஃபுல்க் அதற்குமுன், இந்த அறுவடைக்குள், தன் அண்ணன் மகனுக்கு அவளைக் கட்டிவைக்கத் துடிக்கிறான். அந்த அண்ணன் மகன், சேணம் தளர்ந்திருந்ததற்காக ஒரு குதிரைக்காரனின் கண்ணைப் போக்கியவன். ஊருக்கு ஹாவிஸ்மேல் இரக்கம். ஃபுல்க்மேல் எரிச்சல். ஓக் காட்டை வெட்டி விற்றுக்கொண்டிருக்கிறான். ஊர்ப் பன்றிகளுக்கு ஓக் கொட்டை பொறுக்க இடமில்லை. எனவே பன்னிரண்டு பேரும் அவளுக்குப் பதினாறு என்று சத்தியம் செய்யத் தயார்.

ஒரே சிக்கல், அவளுக்குப் பதினைந்துதான்.

ஆஸ்பெர்ட்டை நான் ஒரு வரிக்காகத்தான் உண்டாக்கினேன். கொஞ்சம் சொந்த நிலம், ஆட்டு மந்தை, பன்னிரண்டு பேரில் ஒருவன். எல்லோருக்கும் கால் உடைந்தால் அலுத்துவிடுமே என்று இவனுக்கு மட்டும் ஒரு மாறுதல் கொடுத்தேன்: 'ஹாவிஸுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று என் மகளை அடக்கம் செய்தேன்.' எழுதிவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தால் அந்த மகளுக்குப் பெயர் வேண்டியிருந்தது. சிஸ்லி. பெயர் வைத்ததும் அவள் வாத்துகளைத் துரத்த ஆரம்பித்துவிட்டாள். இனி அவளைக் கோடு போட்டு அடித்துவிட என்னால் ஆகாது.

(ஆக, ஊரிலேயே அந்த நாளை நிஜமாக நினைவு வைத்திருப்பவன் இவன் ஒருவன்தான். வருடத்தோடு.)

3.

விசாரணைக்கு முந்தின நாள், மதுக்கடையில்:

"நான் கால ஒடச்சுக்கிறேன்," என்றான் கொல்லன் தர்ஸ்டன்.

"யோவ், கால நான் எடுத்தாச்சு," என்றான் இன்னொரு சாட்சியான கில்பர்ட். "நீ வேற எதையாச்சும் ஒட."

"நீ ஏணியில இருந்து விழு. நான் குதிரையில இருந்து விழுறேன்."

"உங்கிட்ட ஏதுய்யா குதிர?"

"இரவல் குதிர. அதான் தள்ளிவிட்டுச்சு. ஆஸ்பெர்ட்டண்ணே, நீங்க எதுல விழுறீங்க?"

ஆஸ்பெர்ட் குவளையைக் கீழே வைத்தான். "எனக்கு நெசமாவே ஞாபகம் இருக்குப்பா. எந்த வருசம்னும் இருக்கு."

கில்பர்ட் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு தர்ஸ்டன் மெல்லச் சொன்னான், "அந்த ஞாபகத்த வீட்லயே வச்சுட்டு வந்துருங்கண்ணே."

வீட்டில் ஆஸ்பெர்ட்டின் மனைவி எம்மோட் பாலாடைக்கட்டி பிழிந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் துணியை இன்னும் இறுக்கி முறுக்கினாள்.

"நீயும் ஒரு கால ஒடச்சுக்கய்யா. ஊரோட ஒத்துப் போ. அந்தப் பொண்ணு பாவம்தான், நான் இல்லேங்கல. எம்புள்ளய மட்டும் அங்க இழுக்காத."

"இழுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"நாளைக்குத்தான் சத்தியம். இன்னைக்குச் சும்மா சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

4.

விசாரணை, ஹாவிஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவிலுக்குள்ளேயே நடந்தது. அரசரின் அதிகாரிக்கு ஜலதோஷம். மூன்றாவது கால் உடைந்தபோது மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏம்ப்பா, அன்னைக்கு இந்த ஊர்ல ரெண்டு காலோட நடமாடுன ஆளே கெடையாதா?"

ஃபுல்க் சத்தமாகச் சிரித்தான்.

"அடுத்து எவனாச்சும் கால்னு வாயத் தொறந்தா, பொய்ச் சத்தியம்னு எழுதிக்கிட்டுக் கெளம்பிருவேன். பொண்ணு காப்பாளர்கிட்டயே இருந்துக்கட்டும். அடுத்த ஆள் யாரு?"

ஆஸ்பெர்ட்தான். அவன் தயாராகக் கொண்டுவந்திருந்ததும் ஒரு கால்தான். அவன் ஹாவிஸைப் பார்த்தான். அவள் கண்களில் ஏதோ ஒரு... (இல்லை. அவள் தன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.) தூணருகே நின்ற எம்மோட்டை அவன் பார்க்கவில்லை.

"அன்னைக்கு எம்மகளப் பொதச்சோம், ஐயா."

"சொல்லு."

"சாமியாரு இந்தத் தொட்டியில இவங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டு நேரா குழிக்கு வந்தாரு. கை ஈரமாவே இருந்துச்சு. மண்ண அள்ளிப் போட்டாரு, அது கைய விட்டுப் போவல. ஒதறி ஒதறிப் பாத்தாரு. கடைசில நாந்தான் என் சட்டையில தொடச்சு விட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா இறகை நிறுத்தினான். இதை யாரும் மதுக்கடையில் உட்கார்ந்து கட்டியிருக்க முடியாது என்று அதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. அவர் குரல் இறங்கியது.

"உம்புள்ள எப்பப் பொறந்துச்சு?"

"வெள்ளம் பாலத்த அடிச்சுட்டுப் போன வருசம்."

அந்த வருடம் எல்லோருக்கும் தெரியும், பதினேழு வருடம் ஆகிறது. அதிகாரி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஹாவிஸுக்குப் பதினாறு என்றால் சிஸ்லி ஒரு வயதில் செத்திருக்க வேண்டும். அவள் இரண்டு வயதில் செத்தாள் என்றால் ஹாவிஸுக்குப் பதினைந்து.

"நீ பொதச்ச புள்ள பேசுச்சா?" என்று கேட்டார் அதிகாரி.

சிஸ்லியின் அந்த இரண்டாவது வருடத்தில்தான் எல்லாமே நடந்தது. அந்த வருடத்தில்தான் நடந்தாள், வாத்துகளைத் துரத்தினாள், ஆஸ்பெர்ட்டை அப்பா என்று கூப்பிட்டாள். ஆட்டுக்கிடாயையும் அப்பா என்றுதான் கூப்பிட்டாள். எம்மோட் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பேசவில்லை என்று சொன்னால் அந்த வருடமே இல்லை.

5.

முதல் முடிவு: "இல்லீங்கய்யா. தவழ்ந்துட்டுத்தான் இருந்தா." ஹாவிஸ் பிழைத்தாள். பன்றிகளும் பிழைத்தன. எம்மோட் முக்காட்டை இழுத்துவிட்டு வெளியே போகிறாள். அவளுக்குப் பின்னால் அந்த வீட்டுக்குள் நுழைய எனக்குத் தைரியமில்லை.

இரண்டாவது: "பேசுவா, ஐயா. நல்லாப் பேசுவா." சிஸ்லியின் வருடம் பத்திரமாக இருக்கிறது. அறுவடைக்குமுன் ஹாவிஸுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்தை எழுதினேன். கிழித்துவிட்டேன்.

மூன்றாவது: ஹாவிஸே முன்னால் வந்து, 'போதும், எனக்குப் பதினைந்துதான்' என்று... சே. இது கோவில் கண்ணாடியில் வரையும் புனிதைகளுக்குச் சரி. பயந்துபோன ஒரு பெண் எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும்?

ஹால்வர்த் குடும்ப வரலாற்றுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. 'ஹாவிஸ் உரிய வயதில் நிலத்தைப் பெற்றாள்' என்று ஒரே வரி. இந்த வருடம் பெற்றாலும் அடுத்த வருடம் கணவனோடு சேர்ந்து பெற்றாலும் அந்த வரி பொருந்தும். எனக்குத்தான் பொருந்தவில்லை. ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியிடமிருந்து ஒரு வருடத்தை எடுக்கச் சொல்கிறது கதை. அவளுக்கு இருப்பதே இரண்டு வருடம்.

நான் எடுக்க மாட்டேன். எடுக்காமலும் இருக்க மாட்டேன். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஆஸ்பெர்ட் வாயைத் திறந்துவிட்டான். அவனிடத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள். சிஸ்லி பேசினாளா, இல்லையா? தூணருகே நிற்பவளுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.