கொல்லைச் சந்து வழியாக ஒரு டியூஷன்

பெண்ணுக்குக் கணக்கு டியூஷன் தேடுகிறேன் என்றால் ஆண்பிள்ளைகள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். 1962-இல் ஒரு புரட்டாசி முழுக்க நான் பார்த்தது அதைத்தான்.

என் பெண் குமுதவல்லி அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் பதினேழு. அவள் மேல் தப்பில்லை. அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஆனியில் கல்யாணமாகிப் போனவள், போனவள்தான். அந்த பீரியடுக்குத் தையல் டீச்சர் வந்து உட்கார்ந்து, "சத்தம் போடாதீங்கடி" என்பாள். அவ்வளவுதான் கணக்குப் பாடம்.

மார்க்கைப் பார்த்துவிட்டு என் அகமுடையான் கோபப்படக்கூட இல்லை. திருச்சியில் ஒரு ஆபீஸில் ஹெட் கிளார்க். சடகோபன் என்று பெயர்.

"தை மாசம் செலக்‌ஷன் பரீட்சையில தேறினா பப்ளிக் எழுதட்டும். இல்லேன்னா கும்பகோணத்து ஜாதகத்துக்குப் பதில் போட்டுடறேன்" என்றார், பால்காரனுக்குச் சொல்லி அனுப்புவது போல. குமுதாவுக்குக் காலேஜில் பிஸிக்ஸ் படிக்க ஆசை. அது அவருக்கும் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் கணக்கு வாத்தியாருக்கா பஞ்சம்? முதலில் பார்த்தவர், "பதினெட்டுப் பையன்கள் உக்காந்திருக்கான். நடுவுல உங்க பொண்ணைக் கொண்டு வெச்சா எவன் போர்டைப் பார்ப்பான்?" என்றார். அவன்களுக்குக் கண் அலைபாய்ந்தால் என் பெண்ணுக்குப் பாடம் கிடையாதாம். இரண்டாமவர், "தேங்கா துருவறதுக்கு ஆல்ஜீப்ரா எதுக்கு மாமி?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். வாய் நிறையப் புகையிலை. துப்பிவிட்டாவது சிரித்திருக்கலாம்.

கடைசியில் மன்னார்புரத்தில் அற்புதசாமி என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கிடைத்தார். கணக்கு, சயன்ஸ் இரண்டும் சொல்லிக்கொடுப்பார். ஐந்து பெண்கள் படித்தார்கள், அவர் மனைவியும் அதே அறையில் உட்கார்ந்திருப்பாள். "தாராளமா அனுப்புங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

வீட்டில் இவர் மறுப்பார் என்று பயந்துகொண்டே சொன்னேன். மறுக்கவில்லை.

"போகட்டும். ஆனா கிறிஸ்தவா வீடு, வேத்து மனுஷா. திரும்பி வரச்சே கொல்லைச் சந்து வழியா வந்து, கிணத்தடியில தலைக்கு ஸ்நானம் பண்ணிட்டுத்தான் உள்ளே காலை வைக்கணும். பெருமாள் எழுந்தருளியிருக்கிற அகம் இது."

சரி என்று தலையாட்டினேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன், மடச்சி.

ஐப்பசியில் டியூஷன் ஆரம்பித்தது, அடைமழையும் ஆரம்பித்தது. வாரத்தில் நாலு நாள். ஏழு மணிக்குக் குமுதா இருட்டில் சந்துக் கதவைத் தட்டுவாள். நான் இறைத்து இறைத்து அவள் தலையில் நாலு வாளி ஊற்றுவேன். பல் கிடுகிடுக்க அன்றைய தேற்றத்தை முணுமுணுத்துக்கொண்டே நிற்பாள். "மெதுவா ஊத்தும்மா, ஸ்டெப் மறந்து போறது" என்பாள். இடுப்பு வரை முடி. படுப்பதற்குள் உலருமா? ஈரத்தலையோடு புஸ்தகத்தை எடுப்பாள், தும்மிக்கொண்டே மூடுவாள். கார்த்திகையில் காதில் சீழ். மார்கழியில் பாதி நாள் டியூஷனுக்கே போகவில்லை.

'குழந்தை நன்றாகப் போடுகிறாள். வராத நாட்களால்தான் பின்தங்குகிறாள்' என்று அற்புதசாமி சீட்டு எழுதி அனுப்பினார். அரையாண்டில் முப்பத்திரண்டு. இன்னும் மூன்று மார்க் எடுத்தால் தேறிவிடலாம்.

"பாத்தியா? டியூஷன் வெச்சும் தேறலை" என்றார் இவர். குரலில் ஒரு திருப்தி. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

பொங்கல் கழிந்தது. செலக்‌ஷனுக்குப் பத்து நாள். அன்று காலையிலேயே குமுதாவுக்கு உடம்பு சுட்டது, ஆனாலும் போனாள். மனசு கேட்காமல் சாயங்காலம் நானே அழைத்துவரக் கிளம்பினேன். சத்திரம் ஸ்டாப்பில் இறங்கி மன்னார்புரம் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர் டீக்கடை பெஞ்சில் இவரைப் பார்த்தேன். பக்கத்தில் இவரோடு வேலை பார்க்கும் பரக்கத் அலி. ஒரே தட்டில் பன். அதைப் பிய்த்து டீயில் தோய்த்து ரசித்து ருசித்துத் தின்றுகொண்டிருந்தார், என் ஆசார சீலர்.

பரக்கத் அலி நல்ல மனுஷர். அவரோடு யார் டீ குடித்தால் எனக்கென்ன? நாங்கள் வீடு திரும்பியபோது இவர் காய்ந்த தலையோடு கூடத்து ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்ததைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. வாசல் வழியாக வந்திருந்தார். வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் உறைத்தது: அந்த நாலு வாளித் தண்ணீர் பெருமாளுக்காக இல்லை, பெண் தேறக்கூடாது என்பதற்காக.

குமுதா பழக்கத்தில் சந்துப் பக்கம் திரும்பினாள். கையைப் பிடித்து வாசல் வழியாகக் கூட்டிவந்து கூடத்தில் படுக்கவைத்தேன்.

"என்ன இது? ஸ்நானம் பண்ணலையா?" என்று ஊஞ்சலை நிறுத்தினார்.

"நீங்க எப்போ பண்ணினேள்?"

"ஆபீஸ் போயிட்டு வர ஆம்பளைக்கு ஏதுடி அதெல்லாம்?"

"சத்திரத்து டீக்கடையில பன்னைத் தோய்ச்சுத் தின்னுட்டு வர ஆம்பளைக்கு?"

முகம் வெளுத்தது. "அது வேற, இது வேற" என்றார்.

"நாளைக்கு உங்களுக்கும் சந்துக் கதவுதான்" என்றேன்.

மறுநாள் வாசலைத் தாழ் போட்டேன். வந்தார், தட்டினார், அதட்டினார். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வாயை மூடிக்கொண்டு சந்து வழியாக வந்தார். நான் வாளியோடு கொல்லைக் கதவை மறித்து நின்றேன். தை மாதக் கிணற்று நீர். முதல் வாளிக்கு முறைத்தார். இரண்டாவதற்கு, "ஏண்டி, பைத்தியமா உனக்கு?" என்றார். மூன்றாவதற்குப் பல் கிடுகிடுத்தது. நாலாவதைத் தூக்கினபோது, "போறும், வேதவதி. அவ இனிமே வாசலாலேயே வரட்டும்" என்றார். நாலாவதையும் ஊற்றினேன்.

ஜுரம் விட்டு மிச்சமிருந்த ஐந்து நாளும் குமுதா டியூஷனுக்குப் போனாள். செலக்‌ஷனில் நாற்பத்தொன்று. தேறிவிட்டாள். பப்ளிக் எழுதலாம். அன்றைக்குத்தான் கிணற்றடிக் கதையை அவளிடம் வாளி வாளியாக நடித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. ஜாமெட்ரி பாக்ஸை மூடி வைத்தாள்.

"ஒரே நாள்ல முடிஞ்சுதா? ஐப்பசியிலேயே பண்ணியிருக்கலாமேம்மா" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. மூன்று மாதம் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிய கை என்னுடையது. அவரைப் பார்த்துக் குமட்டிய எனக்கு அன்றைக்கு என்னை நினைத்தே குமட்டியது.