பன்னிரண்டாவது ஆளுக்கு மைசூர் பேட்டா

மைசூர் ஃபோர்த் மெயின் பாஸ்கெட்பால் கிளப்பின் பெஞ்சு உறுதியான தேக்கு. ஆனால் ஆலன் உட்காரும் இடம் மட்டும் ஒரு விரற்கடை பள்ளம். மழை பெய்தால் முதலில் தண்ணீர் தேங்குவது அங்கேதான். ஏழு சீசன் உட்கார்ந்த உட்காரல் அப்படி. இந்த ஏழு சீசனில் அவன் கோர்ட்டுக்குள் ஆடியது மொத்தம் பதினொரு நிமிடம் நாற்பது வினாடி. அதிலும் மூன்று நிமிடம், ரெஃப்ரியின் விசில் தொலைந்துபோய் எல்லோரும் குனிந்து தேடிக்கொண்டிருந்த நேரம்.

ஆடத் தெரியாதவன் என்றால் வயிறு எரிய வேண்டியதில்லை. பிராக்டிஸில் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே நின்று அவன் எறிந்தால் பந்து வளையத்தில் படாமல் வலைக்குள் இறங்கும். அந்தச் 'சர்க்' சத்தத்துக்குத் தெருநாய்கள்கூட எழுந்து உட்கார்ந்து பார்க்கும். ஆனால் மேட்ச் என்று வந்துவிட்டால் இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் அவனுக்கு முன்னால் நிற்பார்கள். அவர்கள் படிப்பை முடித்துப் பெங்களூருக்கு மூட்டை கட்டினால், அவர்களைப் போலவே இன்னும் இரண்டு பேர் முளைத்துவிடுவார்கள். ஆலனோ முப்பத்தொரு வயதில் வந்து நின்றான். தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். வலது முட்டி, மாடிப்படி ஏறும்போது துருப்பிடித்த கேட் மாதிரி முனகும். எலும்பு டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு சீசன் ஆடுப்பா. அப்புறம் கேரம் போர்டு வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரத்தில்தான் மண்டி மொஹல்லா அணியின் கோச் லிங்கப்பன், ஆஸ்பத்திரி வாட்ச்மேனோடு ஒரு போரே நடத்தி ஜெயித்து, நேராக வார்டுக்குள் வந்து நின்றார்.

"என்ன குரு, எங்ககிட்ட ரெண்டு தென்னமரம் இருக்கு. தூரத்துல நின்னு போடத்தான் ஆள் இல்ல. ஒரு மரத்தை உங்க கிளப்புக்குக் கொடுத்துட்டு உன்னை எடுத்துக்கறேன். நாற்பது நிமிஷத்துல முப்பது நிமிஷம் நீ உள்ள. சத்தியம்."

"என்னையா சார்?"

"பின்ன, இந்த டிரிப்ஸ் ஸ்டாண்டையா கேக்கறேன்?"

அவர் சொன்ன தென்னைமரத்தின் பெயர் அபிஜித். ஆறடி ஐந்து அங்குலம். ஆள் மாற்றிக்கொள்வதற்கு லீக்கில் ஒரு முறை உண்டு. கிளப் கமிட்டியின் மூன்று பேரும் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட்ட கடிதம், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் லீக் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். ஐந்து அடித்து ஒரு நிமிடம் ஆனாலும் அடுத்த வருடம்தான். ஆலனுக்கு அடுத்த வருடம் என்றால் கேரம் போர்டு.

வீட்டில் மரியா, பள்ளிக்கூடத்து விடைத்தாள்களுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"முப்பது நிமிஷமா? உங்க முட்டிகிட்ட கேட்டீங்களா?"

"அது ஒத்துக்கிச்சு."

"அப்ப கமிட்டியில வாயைத் திறந்து சொல்லுங்க. எனக்குப் போகணும்னு. சார் சார்னு நெளிஞ்சுக்கிட்டு நிக்காதீங்க, என்ன?"

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கமிட்டி கூடியது. தலைவர் ரத்தினவேல், ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய ரத்த அழுத்தத்தை வைத்து ஒரு இன்ஜினையே சாமராஜநகர் வரை இழுக்கலாம். துணைத்தலைவி கௌரம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை; சர்க்கரை. செயலாளரும் கோச்சுமான சாம்புவுக்கு வியாதி என்று ஒன்றும் கிடையாது. அதனாலேயே எல்லா வியாதியும் தனக்கு இருக்குமோ என்று சதா பயம். ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலன் பிரஷர் பார்க்கும் பெட்டியும் சர்க்கரை பார்க்கும் கருவியுமாக இந்த மூன்று வீட்டுக்கும் போய்வருவான். தலைவர் கையில் அவன் பட்டை சுற்றிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் நாலு உலகக்கோப்பை நடத்தி முடித்திருக்கலாம்.

ஆலன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் திறந்தே இருந்தது. மைசூரில் ரகசியக் கூட்டத்துக்கும் ஜன்னலைத் திறந்துதான் வைப்பார்கள், காற்று வர வேண்டாமா.

"ஆறடி அஞ்சு அங்குலம் சும்மா வருது. விட்டுட முடியுமா?" என்றார் ரத்தினவேல். "ஆலனைக் கொடுத்தா நமக்கென்ன நஷ்டம்?"

"நஷ்டமா? ஓய், ஞாயித்துக்கிழமை உம்ம கையில பட்டை கட்டப்போறது யாரு, அபிஜித்தா?" என்றார் சாம்பு. "அவன் கட்டினா கை தோளோட வந்துடும்."

ரத்தினவேல் தன் கையைத் தோள்வரை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அது ஒரு பாயின்ட்தான்" என்றார் ரத்தினவேல், குரல் இறங்கி.

"போன தீபாவளிக்கு எனக்கு சுகர் இறங்கிடுச்சே, யாரு ஓடி வந்தா? டாக்டரா வந்தார்? ஆலன்தானே வந்தான்!" என்றார் கௌரம்மா. "மண்டி மொஹல்லா போயிட்டா அங்க இருக்கற கிழவிகளுக்குத்தான் பார்ப்பான், நமக்கு வருவானா? சொல்லுங்க சார்."

"எனக்கு நேத்திலேர்ந்து இடது காதுல ஒரு மாதிரி இருக்கு. அவன்கிட்ட காட்டணும்னு இருக்கேன்" என்றார் சாம்பு.

இப்படியே இருபது நிமிடம். சர்க்கரை வந்தது, உப்பு வந்தது, சாம்புவின் காது வந்தது. அவன் எறியும் பந்தைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்று ஆலன் ஜன்னல் கம்பிக்குள் தலை மாட்டிக்கொள்கிற அளவுக்குக் காதைக் கொடுத்தான். பந்து என்ற சொல்லே அந்தப் பக்கம் வரவில்லை.

கடைசியில் கௌரம்மாதான், "பையனையே கூப்பிட்டுக் கேட்டுடலாமே" என்றார்.

ஆலன் உள்ளே போனான். நெளியாமல் நின்றான். மரியா சொன்னதை அப்படியே சொன்னான்.

"எனக்குப் போகணும் சார். என்னைக் கொடுத்துட்டு அபிஜித்தை எடுத்துக்குங்க."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். ரத்தினவேலின் மூக்கு நுனி சிவந்தது. கௌரம்மா புடவைத் தலைப்பைத் தேடினார்.

"கேட்டீங்களா?" என்றார் ரத்தினவேல் தழுதழுத்து. "கிளப்புக்கு ஒரு உயரமான ஆள் கிடைக்கணும்னு தன்னையே கொடுக்கறான் பாருங்க! பெத்த பிள்ளை செய்வானா?"

"அதுக்காக இல்ல சார், நிஜமாவே..."

"பாருங்க, அதையும் மறைக்கறான்!" என்றார் கௌரம்மா. கண்ணீர் கன்னத்தைத் தாண்டிக் கழுத்துக்கு வந்துவிட்டது.

"மேடம், எனக்கு ஆடணும். அங்க முப்பது நிமிஷம் ஆடவிடறேன்னாங்க. அதுக்குத்தான்."

இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டுமென்றால் கல்வெட்டில்தான் வெட்ட வேண்டும். சாம்பு எழுந்து வந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டார்.

"அட அசடே, ஆடணும்னா இங்க ஆடேன்! யார் வேண்டாம்னா? முதல் மேட்ச், முதல் அஞ்சு பேர்ல நீ. நான்தானே கோச்? எழுதி வெச்சுக்கோ."

ஆலன் மறுபடி வாயைத் திறப்பதற்குள் கௌரம்மா பீரோவைத் திறந்துவிட்டார். ஆண்டு விழாவுக்கு வராமல்போன முக்கிய விருந்தினருக்காக வாங்கிய மைசூர் பேட்டா பிளாஸ்டிக் உறையோடு அங்கே காத்திருந்தது. தங்க ஜரிகை, முன்னால் ஒரு குஞ்சம், மகாராஜாவுக்குக் கட்டுகிற அதே தலைப்பாகை. அந்த ஊரில் மாற்றலாகிப் போகிறவருக்குப் பேட்டா, மாற்றலாகி வருகிறவருக்குப் பேட்டா, போர்வெல்லில் தண்ணீர் வந்தால் தோண்டியவருக்குப் பேட்டா. பேட்டாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு எதிர்த்துப் பேசியவன் மைசூரில் இதுவரை பிறந்ததில்லை.

முக்கிய விருந்தினரின் தலை பெரிதாக இருக்கும் என்ற மரியாதையில் வாங்கியது. ஆலனின் புருவம் வரை இறங்கியது. சால்வை விழுந்தது. பழக்கூடை கைக்கு வந்தது. ஃபோட்டோ எடுப்பதற்காக ரத்தினவேல் அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"சந்தோஷமா ஆலன்?"

மூன்று முதிய முகங்கள், ஆறு ஈரக் கண்கள். சுவரில் மணி மூன்று ஐம்பது. 'இல்லை' என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

"சந்தோஷம் சார்" என்றான் ஆலன்.

பிறகு நடந்தது ரயில்வே எக்ஸ்பிரஸ் வேகம். சாம்பு ஸ்பீக்கரில் போட்டு லிங்கப்பனைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் முதலில் வந்தது கன்னடத்தில். அதை இங்கே எழுத முடியாது. அப்புறம் தமிழில் வந்தார்.

"மூணு பேரும் சேர்ந்து அவனைக் கெடுக்கறீங்க. சரி, எனக்கு நேரமில்ல. அந்த சுஹாஸையாவது அனுப்புங்க, அபிஜித்தை அனுப்பறேன்."

சுஹாஸ் பதினோராவது ஆள், பெஞ்சில் ஆலனுக்குப் பக்கத்து இடம். பத்து எறிந்தால் மூன்று விழும். விழுந்த மூன்றையும் ஒரு வாரம் ஸ்டேட்டஸில் வைப்பான்.

"சுஹாஸா?" என்றார் கௌரம்மா. "அவனுக்குத் தெர்மாமீட்டர் பார்க்கக்கூடத் தெரியாதே. கொடுத்துடுங்க."

மூன்று கையெழுத்தும் அரை நிமிடத்தில் விழுந்தன. நாலு மணிக்குச் சாம்புவின் ஸ்கூட்டர் லீக் ஆபீசுக்குப் பறந்தது. ஆலன் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தபோது மரியா கதவைத் திறந்தாள். பேட்டாவைப் பார்த்தாள். உள்ளே போய் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாள்.

"முதல் மேட்ச்ல முதல் அஞ்சு பேர்ல நான்" என்றான் ஆலன், செருப்பைக் கழற்றியபடி.

சிவப்பு மையில் ஏதோ ஒரு பையனுக்குப் பெரிய முட்டையாக ஒரு பூஜ்யம் விழுந்தது.

முதல் மேட்ச் மண்டி மொஹல்லாவோடுதான் வந்து தொலைந்தது. ஆலன் முட்டியில் கட்டுப் போட்டு, ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, வியர்க்க வியர்க்க வார்ம்-அப் செய்தான். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது சாம்பு அவனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அபிஜித் புதுசு பாரு. மொத நாளே வெளியே உட்கார வெச்சா தப்பா நினைச்சுப்பான். அந்த ரெண்டு காலேஜ் பசங்களோட அப்பாவும் வந்திருக்கா. நீ யாரு, நம்மாத்துப் பிள்ளை. நீ புரிஞ்சுப்பே."

ஆலன் புரிந்துகொண்டான். புரிந்துகொள்வதில் அந்த மாவட்டத்திலேயே அவனை அடிக்க ஆளில்லை.

அபிஜித் முதல் கால்பகுதியில் இரண்டு பந்தைத் தட்டினான், மூன்று ஃபவுல் செய்தான், பிறகு தண்ணீர் கேட்டான். அந்தப் பக்கம் சுஹாஸ் முப்பத்து மூன்று நிமிடம் ஆடினான். பத்துக்கு மூன்று விழுந்தவனுக்கு, எறிய எறிய, பத்துக்கு நாலு விழுந்தது, அப்புறம் ஐந்து. மண்டி மொஹல்லா தெருக்களே காலியாகி அங்கே வந்துவிட்டது போல விசில் பறந்தது. லிங்கப்பன் ஒருமுறை திரும்பி எதிர் பெஞ்சில் ஆலனைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

கடைசிக் கால்பகுதியில் ஃபோர்த் மெயின் பதினாறு பாயின்ட் பின்னால் கிடந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ரத்தினவேல் மாரைத் தடவிக்கொண்டார்.

"ஆலன், கொஞ்சம் பாரேன். படபடன்னு வருது."

ஆலன் பெட்டியைத் திறந்து அவர் முழங்கைக்கு மேல் பட்டையைச் சுற்றினான். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரப்பர் பந்தை அழுத்த ஆரம்பித்தான். கோர்ட்டில் சுஹாஸ் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து இன்னொன்றை இறக்கினான்.

"பார்த்தியா அவனை!" என்றார் ரத்தினவேல், படபடப்பையும் மறந்து. "நம்ம பெஞ்சுல ஈ ஓட்டிக்கிட்டு இருந்தான்டா. உள்ள விட்டாத்தானே யாருன்னு தெரியுது? நாமதான் இத்தனை நாள் அநியாயமா உட்கார வெச்சுட்டோம், பாவம்."

ஆலன் அழுத்தினான். முள் நூற்று எண்பதைத் தாண்டியது. நிறுத்த வேண்டிய இடம் அது. இருநூறு. இருநூற்று இருபது.

"ஆலன், ரொம்ப இறுக்குதே?"

"பேசாதீங்க சார்" என்றான் ஆலன், முள்ளையே பார்த்தபடி. "பேசினா தப்பாக் காட்டும்."

கூட்டம் மறுபடி எழுந்து நின்று கத்தியது. ரத்தினவேல் எதையோ சொல்ல வாயைத் திறந்து, ஆலன் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். இன்னும் இரண்டு முறை அழுத்திவிட்டுத்தான் அவன் காற்றைத் திறந்துவிட்டான்.