ஆற்றோரத்து நான்கு வீடுகள்

பாலேஸ்வரியின் மகன் நிஷாந்தன் அயர்லாந்தில் டாக்டர். மலேசியாவில், பாரோயில் அந்த வரிசை வீடுகளில் இது தெரியாமல் ஒருவரும் இருந்துவிட அவள் விட்டதில்லை. இப்போது அவன் அங்கே ஒரு கிராமத்தில் வீடு வாங்கப் போகிறான். அதைக் காட்டத்தான் பக்கத்து வீட்டு இசபெல்லை அன்று சாயங்காலம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள்.

நிஷாந்தன் போனைப் பிடித்தபடி ஊரை நடந்து காட்டினான். அயர்லாந்து என்றதும் இசபெல் என்னென்னவோ எதிர்பார்த்திருந்தாள். வந்தது ஒற்றைத் தெரு. மேட்டின் உச்சியில் ஒரு கல் சர்ச், ஒட்டினாற்போல் கல்லறை. இறக்கத்தில் ஒரு மளிகைக் கடை, இரண்டு சாராயக் கடை, இழுத்து மூடிய தபால் நிலையம். அடியில் ஆறு. சுற்றிலும் மாடு. அவள் பிறந்த ரந்தாவ் ரப்பர் தோட்டத்தில்கூட இதைவிட நாலு கடை கூடுதல். இதற்கா பதினாலு மணி நேரம் பிளேன் ஏறிப் போனான் என்று நினைத்தாள். சொல்லவில்லை, தேநீர் இன்னும் வரவில்லை.

"ஆத்தோரம் அந்த நாலு புது வீடு பார்த்தியோ? அதில ஒண்டுதான். ரிவர் வியூ," என்றாள் பாலேஸ்வரி.

இசபெல் பார்த்தாள். பழைய வீடுகள் எல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டில் ஏறி நின்றன. கீழே அகலமான பச்சை நிலம், அதன் நடுவே அந்த நான்கு மட்டும்.

ரந்தாவிலும் அப்படித்தான். துரை பங்களா உச்சியில், கணக்கெழுதும் கிராணி வீடு பாதி மேட்டில், ஆற்றோரம் தொழிலாளர் லயம். மழைக்காலத்தில் தண்ணீர் கட்டில் மட்டம் வரும். கோழிக்கூண்டைத் தலையில் தூக்கிக்கொண்டு இசபெல் மேடேறும்போது, கிராணி வீட்டு வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்த பெண்களில் பாலேஸ்வரியும் ஒருத்தி.

"தம்பி, அந்தப் பச்ச நிலத்துல பழைய வீடு ஒன்னுகூட ஏன் இல்ல?"

"மாடு மேயிற இடம், ஆண்டி."

"மாட்ட விட்டவன் வீட்டக் கட்டலையே. அங்க தண்ணி ஏறும்லா."

பாலேஸ்வரி சிரித்தாள். "வெள்ளைக்காரனுக்குத் தெரியாததோ உனக்குத் தெரியும்? லயத்துப் புத்தி. எதைப் பார்த்தாலும் வெள்ளம்."

இசபெல் அப்போதுதான் வந்த தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "வெள்ளைக்காரனுக்கு நல்லாவே தெரியும்க்கா. அதான் அவன் மேட்டுல இருக்கான். பள்ளத்த ஒங்க மகனுக்கு விக்கிறான்."

நிஷாந்தன் பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டான்.

அன்றே மளிகைக் கடையில் விசாரித்திருக்கிறான். ஐந்து வருடத்தில் இரண்டு முறை அந்த நான்கு வீட்டுக்குள்ளும் ஆறு புகுந்ததாம். விற்பனை ஏஜெண்ட் மூச்சுவிடவில்லை. அவன் வாங்கவில்லை.

மறுவாரம் பாசாரில் மீன்காரர் சொல்லித்தான் இசபெல்லுக்குத் தெரிந்தது: டாக்டர் மூளை, நிலத்தைப் பார்த்ததுமே மகன் கண்டுபிடித்துவிட்டான் என்று பாலேஸ்வரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இசபெல்லுக்குக் கோபம்கூட வரவில்லை. இவளிடம் வேறென்ன கிடைக்கும் என்று மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, நல்ல வெயிலில், பாலேஸ்வரி போனோடு கேட்டில் வந்து நின்றாள்.

"இன்னொரு வீடாம். உன்னட்டைக் காட்டச் சொன்னவன்."

இசபெல் கேட்டைத் திறக்கவில்லை. வாளியில் மிச்சமிருந்த துணிகளை, தலையணை உறை உட்பட, ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டாள். பிறகுதான் வந்தாள்.

"சர்ச் பாதர் வீடு எங்க இருக்குன்னு மொதல்ல கேளுங்கக்கா."

பாலேஸ்வரி மகனிடம் கேட்டாள். பாதர் வீட்டுக்கு மூன்று வீடு மேலே, மேட்டில் என்றான்.

"அப்ப வாங்கச் சொல்லுங்க," என்றுவிட்டு இசபெல் உள்ளே போய்விட்டாள்.